போர்க்களத்துத் தோட்டா உறையைப் படிப்பது எப்படி? இம்பால் - கோஹிமாவிலிருந்து ஒரு தொடக்கப் பாடம்

நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் போய்வந்தவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். விரல் நீளத்தில், பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பித்தளைக் குழல். ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனை தட்டையாக மூடியிருக்கும். கோஹிமாவுக்குப் பக்கத்தில் கிசாமாவில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வயல் உழும்போது கிடைத்தது என்று ஊர்க்காரர் யாராவது எடுத்துக் காட்டவும் கூடும். கையில் வாங்கியதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது ஜப்பான்காரன் சுட்டதா, பிரிட்டிஷ்காரன் சுட்டதா?"

உறையால் நேராகப் பதில் சொல்ல முடியாத கேள்வியும் அதுதான். எந்த வகைத் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது, எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டில் என்பதையெல்லாம் அது சொல்லும். சில நேரம் எந்தத் துப்பாக்கியிலிருந்து வெளியே விழுந்தது என்பதைக்கூடச் சொல்லும். ஆனால் விசையை அழுத்திய ஆள் யார் என்பது உறையில் பொறிக்கப்பட்டிருக்காது. அதை நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம், பெரும்பாலும் தப்பாக.

இந்தக் கட்டுரைக்கு 1944ஆம் ஆண்டின் இம்பால் - கோஹிமா போர்க்களத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு மார்ச்சில், முத்தகுச்சி என்ற தளபதியின் கீழ் ஜப்பானின் 15ஆம் படை பர்மாவிலிருந்து இந்திய எல்லைக்குள் நுழைந்தது. கூடவே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் வந்தது. எதிரில் பிரிட்டனின் பதினான்காம் படை. அதில் பெரும்பான்மையோர் இந்தியச் சிப்பாய்கள். ஏப்ரலில் கோஹிமா முற்றுகை; துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் இரண்டு படைகள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு சண்டை போட்ட கதை பிரபலம். ஜூன் 22ஆம் தேதி இம்பால் சாலை மீண்டும் திறந்தது. ஜூலையில் ஜப்பானியப் படை பின்வாங்கியது. இந்தச் சில மாதங்களில் சுடப்பட்ட தோட்டாக்களின் உறைகள்தான் இன்னும் மண்ணிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் தோட்டா, குண்டு, புல்லட் எல்லாம் ஒன்றுதான். இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். தோட்டா என்பது முழுப் பொருள். அதன் நுனியில் செருகியிருப்பது குண்டு. பறந்துபோய்த் தைப்பது அது மட்டும்தான். குண்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வெடிமருந்தையும் வைத்திருக்கும் பித்தளைக் குழல்தான் உறை. உறையின் அடியில் நடுவே பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். அது பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தும்போது பொறி பறந்து மருந்து பற்றுகிறது, குண்டு பறக்கிறது, காலி உறை பக்கத்தில் விழுகிறது. ஈழத்தில் தோட்டாவை ரவை என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பழகியவர்கள் இங்கே உறை என்று வரும் இடத்தில் வெற்று ரவை என்று படித்துக்கொள்ளலாம்.

காலியா, இல்லையா?

வேறெதையும் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது இது. நுனியில் குண்டு செருகியிருந்தால் அது உறை அல்ல, உயிருள்ள தோட்டா. எண்பது ஆண்டு மண்ணில் கிடந்தது என்பதால் மருந்து செத்திருக்கும் என்று நம்பக் கூடாது. அதைத் தட்டிப் பார்ப்பது, சுரண்டுவது, சூடுகாட்டுவது, குண்டைப் பிடுங்கப் பார்ப்பது எதுவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். கட்டைவிரலைவிடத் தடிமனாக எது கிடந்தாலும் அதே விதிதான். விமானப் பீரங்கிக் குண்டு, கையெறி குண்டு, மோட்டார் குண்டு எல்லாம் அந்த மலைகளில் இன்னமும் கிடைக்கின்றன. துரு ஏறிய கையெறி குண்டு பார்வைக்கு அழுகின உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கும்.

காலி உறைதான் என்று உறுதியானால் பிரைமரைப் பாருங்கள். நடுவில் ஊசி குத்திய குழி இருந்தால் துப்பாக்கியில் சுடப்பட்டது. குழி இல்லாமல் உறை மட்டும் பக்கவாட்டில் கிழிந்து விரிந்திருந்தால் அது சுடப்பட்டதல்ல. தீயில் விழுந்து தானே வெடித்திருக்க வேண்டும். எரிந்த வண்டி, எரிந்த கிடங்கு, காட்டுத்தீ என்று ஏதோ ஒன்று. குழியும் இல்லை, கிழிசலும் இல்லை, குண்டும் இல்லை என்றால் யாரோ பிற்பாடு ஈயத்துக்காகக் குண்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிப்பட்ட உறையில் பிரைமர் இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு, ஜாக்கிரதை. திறந்த வாய் நட்சத்திரம்போல மடிக்கப்பட்டிருந்தால் அது குண்டே இல்லாத வெத்துவேட்டு. பயிற்சிக்கும் மரியாதை வேட்டுக்கும் பயன்படுவது. கோஹிமாவைப் போலப் போர்க் கல்லறை உள்ள ஊர்களில் இந்த வகை கிடைத்தால் அதைச் சண்டையோடு சேர்த்துவிட வேண்டாம்.

அளவுகோல் போதும்

பலரும் உடனே அடியில் உள்ள எழுத்தைப் படிக்கப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்து தேய்ந்திருக்கும், பாதி தெரியும், மனசு மீதியைக் கற்பனை செய்துவிடும். அளவு அப்படி ஏமாற்றாது. வெர்னியர் காலிபர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பள்ளிக்கூட அளவுகோலே ஓரளவு போதும். அடியிலிருந்து வாய் வரை நீளத்தை மில்லிமீட்டரில் எடுங்கள். அப்புறம் வாயின் உள் அகலம். அப்புறம் அடியின் விளிம்பு.

விளிம்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலி உறையைத் துப்பாக்கியிலிருந்து ஒரு கொக்கி இழுத்து வெளியே போடுகிறது. அந்தக் கொக்கி பிடிக்க இடம் வேண்டும். சில உறைகளில் அடி ஒரு சட்டித் தட்டைப் போல உடலைவிட நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இவை விளிம்பு உள்ளவை. சிலவற்றில் அடி உடலின் அகலத்திலேயே இருக்கும், மேலே சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருக்கும். இவை விளிம்பு இல்லாதவை. இரண்டுக்கும் நடுவில், பள்ளமும் இருந்து விளிம்பும் நூலளவு நீட்டிக்கொண்டிருப்பவை அரை விளிம்பு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

இப்போது இம்பால் களத்தில் அடிக்கடி வரும் உறைகளைப் பார்ப்போம். நீளம் 56 மி.மீ., தடித்த விளிம்பு, விளிம்பின் குறுக்களவு சுமார் 13.7 மி.மீ. என்றால் அது நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கிய அதே த்ரீ நாட் த்ரீ. துப்பாக்கிக் குழலின் உள் அகலம் 0.303 அங்குலம் என்பதால் வந்த பெயர். லீ என்ஃபீல்டு ரைஃபிள், பிரென், விக்கர்ஸ் என்ற இயந்திரத் துப்பாக்கிகள் என்று பிரிட்டிஷ் தரப்பின் மூன்று முக்கிய ஆயுதங்களும் இதே தோட்டாவைத்தான் தின்றன.

நீளம் 50, 51 மி.மீ., அரை விளிம்பு, சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒடுங்கிய வாய் என்றால் ஜப்பானின் 6.5 மி.மீ. தோட்டா. 38ஆம் வகை ரைஃபிளுக்கும் 96ஆம் வகை இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும் உரியது. நீளம் 58 மி.மீ. அளவில், வாய் அகலமாக இருந்தால் ஜப்பானின் 7.7 மி.மீ. இதில் இரண்டு உண்டு. விளிம்பு இல்லாதது 99ஆம் வகை ரைஃபிளுக்கு. அரை விளிம்பு உள்ளது 92ஆம் வகைக் கனரக இயந்திரத் துப்பாக்கிக்கு. ஒரே படை, ஒரே குறுக்களவு, கிட்டத்தட்ட ஒரே நீளம், ஆனாலும் இரண்டு விதமான அடி. அந்தப் படையின் தளவாட அதிகாரிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

63 மி.மீ. நீளம், விளிம்பு இல்லை என்றால் அமெரிக்காவின் 0.30 அங்குலத் தோட்டா. 99 மி.மீ. நீளத்தில் உள்ளங்கையை நிறைத்தால் அமெரிக்க 0.50. கட்டைவிரல் நகம் அளவே உள்ள குட்டைக் குழல்களும் வரும். 19 மி.மீ. என்றால் ஸ்டென் துப்பாக்கியின் 9 மி.மீ. 23 மி.மீ. என்றால் தாம்சன் துப்பாக்கியின் 0.45. கிட்டத்தட்ட அதே நீளத்தில், 22 மி.மீ.க்குள், கழுத்து ஒடுங்கியிருந்தால் ஜப்பானியக் கைத்துப்பாக்கியான நம்புவுடையது. தாம்சனின் உறை கழுத்தே இல்லாத நேர்க்குழல் என்பதால் குழப்பம் வராது.

குழப்பம் வரும் இடம் வேறு. நாகா மலைகளில் 1950களிலிருந்து வேறொரு மோதல் நடந்தது. இந்திய ராணுவம் 1960களில் 7.62 மி.மீ. அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு மாறியது. அதன் உறை நீளம் 51 மி.மீ. ஜப்பானின் 6.5உம் அதே நீளம்! நீளத்தை மட்டும் பார்த்து ஜப்பானியத் தோட்டா கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தவர்கள் உண்டு. வாயை அளந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள். இந்திய உறையின் வாய் உள்ளே ஏழரை மி.மீ.க்கு மேல். ஜப்பானியதோ ஆறரைதான். இந்திய உறையில் விளிம்பு நீட்டிக்கொண்டிராது, அடியில் எழுத்தும் இருக்கும். அதனால்தான் ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்கிறேன்.

அடியில் உள்ள எழுத்து

சரி, இப்போது எழுத்துக்கு வரலாம். பிரைமரைச் சுற்றி வட்டமாகத் தொழிற்சாலை அடித்த முத்திரை இது. மங்கலாக இருந்தால் செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எழுத்து மறைந்துவிடும், பக்கத்திலிருந்து அடித்தால் நிழல் விழுந்து தெரியும். கோயில் கல்வெட்டைப் படிக்கிறவர்கள் செய்கிற அதே உத்தி.

த்ரீ நாட் த்ரீ உறையில் பொதுவாக மூன்று செய்திகள் இருக்கும். ஒன்று, செய்த ஆலையின் குறி. இரண்டு, ஆண்டு, சிலவற்றில் நான்கு இலக்கம், சிலவற்றில் கடைசி இரண்டு மட்டும். மூன்று, தோட்டாவின் ரகம். ரகத்தில் ரோமன் ஏழு இருந்தால் அது வழக்கமான குண்டு. ரோமன் எட்டும் கூடவே இசட் எழுத்தும் இருந்தால், விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி வெகுதூரம் சுடுவதற்காகச் செய்த தோட்டா. இசட் என்றால் பழைய கார்டைட் மருந்துக்குப் பதிலாக நைட்ரோசெல்லுலோஸ் மருந்து என்று பொருள். ஜி என்ற எழுத்து வந்தால் பறக்கும்போது ஒளிக்கோடு விடும் குண்டு, டபிள்யூ வந்தால் கவசம் துளைப்பது, பி வந்தால் தீமூட்டுவது. பிரைமரைச் சுற்றிச் சாயமும் பூசியிருப்பார்கள். வழக்கமான குண்டுக்கு ஊதா, ஒளிக்கோட்டுக்குச் சிவப்பு, கவசத்துக்குப் பச்சை, தீமூட்டிக்கு நீலம். மண்ணில் கிடந்த உறையில் சாயம் மிச்சமிருப்பது அபூர்வம். பச்சை தெரிகிறது என்று யாராவது சொன்னால் அது களிம்பாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

ஆலைக்குறியில், புதிதாகப் படிக்கிறவர் கட்டாயம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கே என்ற ஒற்றை எழுத்து இருந்தால் இங்கிலாந்தின் கைனாக் நிறுவனம். கே, எஃப் இரண்டும் இருந்து நடுவில் ஒரு அம்புக்குறி நின்றால் அது புனேவுக்குப் பக்கத்துக் கட்கி. பிரிட்டிஷ்காரர் வாயில் கிர்க்கி. 1869இல் தொடங்கிய அரசுத் தோட்டா ஆலை. அந்த அகன்ற அம்பு, பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான பழைய அடையாளம். எஃப் எழுத்து தேய்ந்துபோனால் புனே உறை பர்மிங்ஹாம் உறையாக மாறிவிடும். அம்பு இருக்கிறதா என்று தேடுவது அதற்காகத்தான். எம் என்று தொடங்கினால் ஆஸ்திரேலியாவாக இருக்கலாம், மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே ஆலை எம், எஃப் என்று போட்டது. இப்படி ஒரே மலைச்சரிவில் புனேவும் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கலந்து கிடக்கும். அதைப் பார்த்து மூன்று நாட்டுப் படைகள் அங்கே நின்றன என்று எழுதிவிடக் கூடாது. தோட்டா கப்பலில் வந்து, கிடங்கில் கலந்து, யாருக்கு எது கிடைத்ததோ அதைச் சுட்டிருக்கிறார்கள்.

அமெரிக்க உறைகளில் ஆலையின் இரண்டு மூன்று எழுத்தும் ஆண்டும் மட்டும் இருக்கும். எஸ், எல் என்றால் செயின்ட் லூயிஸ், எல், சி என்றால் லேக் சிட்டி, எஃப், ஏ என்றால் ஃபிராங்க்ஃபோர்டு. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 4 என்று ஒற்றை இலக்கம் மட்டும் நிற்கும் உறைகள் நிறைய வரும். 1940 என்றோ 1904 என்றோ நினைக்க வேண்டாம், அது 1944. அந்த ஆண்டு பிறந்தபோது 43 என்று இருந்த அச்சுகளைத் தூக்கிப் போடாமல் 3ஐ மட்டும் ராவிவிட்டு 4ஐ வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். போர்க்காலச் சிக்கனம்.

ஜப்பானிய உறையில்? எதுவும் இருக்காது. ஜப்பானியத் தரைப்படையின் ரைஃபிள் தோட்டாக்களில் பொதுவாக முத்திரையே அடிக்கவில்லை. ஆலை, ஆண்டு போன்ற விவரமெல்லாம் பெட்டியிலும் காகிதப் பொட்டலத்திலும்தான் இருந்தன, அவை மட்கிப்போய்விட்டன. உறையின் வாயும் குண்டும் சேரும் இடத்தில் சுற்றிப் பூசிய சாயம் மட்டும் குண்டின் வகையைச் சொன்னது. வழக்கமானதற்கு இளஞ்சிவப்பு, கவசம் துளைப்பதற்குக் கறுப்பு, ஒளிக்கோட்டுக்குப் பச்சை. ஆக, இம்பால் மலைகளில் வழவழப்பான வெற்று அடியோடு ஒரு 6.5 அல்லது 7.7 உறை கிடைத்தால் அந்த வெறுமையே அடையாளம். ஆனால் தேய்ந்து அழிந்த எழுத்தும், அடிக்கவே படாத எழுத்தும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அளவை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஆண்டு சொல்வதும் சொல்லாததும்

முத்திரையில் 43 என்று இருந்தால் அந்தத் தோட்டா 1943இல் சுடப்பட்டது என்று பொருளல்ல. 1943க்கு முன்னால் சுடப்பட்டிருக்க முடியாது என்று மட்டும்தான் பொருள். பானைக்குள் கிடைத்த காசைப் போலத்தான் இதுவும். காசில் உள்ள ஆண்டு அது அச்சடிக்கப்பட்ட ஆண்டு, பானையைப் புதைத்த ஆண்டல்ல. தோட்டா கிடங்கில் பல ஆண்டு தூங்கும். 1944 சண்டையில் 1930களின் தோட்டா சுடப்படுவதில் வியப்பில்லை. ஆனால் 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய பாதையில் 43ஆம் ஆண்டு உறை கிடைத்தால், அது அந்தப் பின்வாங்கலைச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது.

இந்தியாவில் இந்த விதிக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. த்ரீ நாட் த்ரீ இங்கே போரோடு ஓய்வுபெறவில்லை. விடுதலைக்குப் பிறகும் ராணுவம் வைத்திருந்தது, போலீஸ் அதற்கும் மேலே வைத்திருந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான். எனவே கோஹிமாவில் கிடைக்கும் த்ரீ நாட் த்ரீ எல்லாம் 1944 என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டு 55 என்று இருந்தால் கதை முடிந்தது. ஆண்டு 43 என்று இருந்தால்கூட, பழைய கையிருப்பு பிற்காலத்தில் சுடப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டும்.

யார் சுட்டது?

முதல் கேள்விக்குத் திரும்புவோம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கும் மலாயாவிலும் பிரிட்டிஷ் படையின் ரைஃபிள்களும் தோட்டாக்களும் மலைமலையாக ஜப்பானியர் கையில் சிக்கின. இந்திய தேசிய ராணுவத்துக்குக் கொடுக்கப்பட்டவை அந்த ஆயுதங்கள்தான். அந்த ராணுவத்தில் போர்க்கைதிகளாக இருந்த சிப்பாய்கள் மட்டுமில்லை, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் தோளில் இருந்ததும் லீ என்ஃபீல்டு. அவர்கள் சுட்டதும் த்ரீ நாட் த்ரீ. ஆக, இம்பால் சமவெளியில் ஒரு த்ரீ நாட் த்ரீ உறையை எடுத்து "பிரிட்டிஷ் தரப்பு" என்று சீட்டு ஒட்டினால், மறுபக்கம் நின்ற ஒரு தோட்டத் தொழிலாளியை நாம் தூக்கி இந்தப் பக்கம் நிறுத்திவிடக்கூடும்.

அமெரிக்க 0.30 உறையும் அப்படித்தான். இம்பாலுக்குப் பக்கத்து நுங்ஷிகும் மலையில் அது கிடைத்தால் அமெரிக்கக் காலாட்படை அங்கே சண்டையிட்டதாக ஆகாது. 1944 ஏப்ரல் 13 அன்று அந்தச் செங்குத்தான மலைமேல் மூன்றாவது கராபினியர்ஸ் படையின் டாங்கிகள் ஏறின. கூடவே டோக்ரா சிப்பாய்கள். டாங்கிகளில் இருந்த அதிகாரிகள் எல்லோருமே செத்தோ காயமடைந்தோ விழ, ஒரு சார்ஜென்ட் மேஜர் தலைமையேற்று மலையைப் பிடித்துக் கொடுத்தார். அந்த லீ டாங்கிகள் அமெரிக்காவில் செய்தவை, அவற்றில் பொருத்தியிருந்த பிரவுனிங் துப்பாக்கிகள் அமெரிக்கத் தோட்டாவைச் சுட்டன. ஐரோப்பியக் களங்களில் இதே குழப்பம் தலைகீழாக வரும். பிரிட்டிஷ் டாங்கிகளின் பெசா துப்பாக்கி 7.92 மி.மீ. தோட்டாவைச் சுட்டது. அது ஜெர்மன் ரைஃபிளின் அதே அளவு.

உறையைப் படிப்பதன் உச்சக்கட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னுக்குப் போக வேண்டும். 1876இல் கஸ்டரின் குதிரைப்படை லகோட்டா, செயென் பழங்குடி வீரர்களிடம் அழிந்த இடம். 1983இல் ஒரு புல்தீ அந்தக் களத்தைத் துப்புரவாக எரித்துவிட்டுப் போனது. தரை தெரிந்ததும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் 1984இல் மெட்டல் டிடெக்டர் தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவிட்டு, கிடைத்த ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்தார்கள். பிறகு நுண்ணோக்கியில் ஊசிக்குழியையும் கொக்கிக் கீறலையும் ஒப்பிட்டார்கள். துப்பாக்கியின் ஊசி ஒவ்வொன்றும் ஒரு மாதிரித் தேய்ந்திருக்கும், கைரேகை மாதிரி. போலீஸ் தடயவியல் ஆய்வகத்தில் செய்கிற அதே வேலையை நூறாண்டு பழைய பித்தளையில் செய்தார்கள். ஒரே துப்பாக்கியின் உறை இங்கே ஒன்று, தள்ளி அங்கே ஒன்று என்று கிடந்ததால் அந்தத் துப்பாக்கி நகர்ந்த பாதையே வரைபடத்தில் தெரிந்தது. கஸ்டரின் ஆட்கள் ஒருமுறைக்கு ஒரு தோட்டா போடும் ஸ்பிரிங்ஃபீல்டு வைத்திருக்க, எதிர்த்தரப்பில் பலர் தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகளோடு இருந்தார்கள் என்பதும் வெறும் வாய்வழிக் கதையாக இல்லாமல் தரையிலிருந்தே எழுந்து வந்தது.

ஆனால் அங்கும் துப்பாக்கிகள் கைமாறியிருந்தன. கஸ்டரின் படையிலிருந்து பிடுங்கிய துப்பாக்கி அதே களத்தில் அதே படைமீது சுட்டது. கீறல் துப்பாக்கியைக் காட்டியது, ஆளைக் காட்டியது உறை கிடந்த இடம்தான்.

கிடந்த இடம்

லீ என்ஃபீல்டு ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் ஒரு உறையை வலப்பக்கம், அதிக தூரம் போகாமல் தள்ளும். பிரெனில் தோட்டாப் பெட்டி மேலே இருக்கிறது, உறை நேராகக் கீழே கொட்டும். ஆகவே ஒரு குழியில் த்ரீ நாட் த்ரீ உறைகள் குவியலாகக் கிடந்தால் ஒரு பிரெனோ விக்கர்ஸோ அங்கே நின்றிருக்கலாம். அங்கங்கே ஒன்றிரண்டாகச் சிதறியிருந்தால் ரைஃபிள்காரர்கள். தரையில் யாருமே நிற்க முடியாத சரிவில் உறைகள் கோடு போட்டாற்போல் கிடந்தால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஹரிகேன் விமானங்கள் சுட்ட உறைகள் இறக்கையின் அடிவழியாகக் கீழே கொட்டின. அவற்றோடு தோட்டாக்களைக் கோக்கும் உலோகக் கண்ணிகளும் கிடக்கும்.

எதுவுமே கிடக்கவில்லை என்றால் சண்டை நடக்கவில்லை என்று ஆகாது. பித்தளைக்கு எப்போதும் விலை உண்டு. போர் முடிந்த பிறகு பழைய இரும்பு பித்தளைக்காரர்கள் போகாத இடமில்லை.

இதனால்தான் உறையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த நொடியோடு அது அளவும் எழுத்தும் மட்டும் மிச்சமுள்ள ஒரு பித்தளைத் துண்டாகிவிடுகிறது. சட்டச் சிக்கலும் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். வீடு திரும்பும் விமானத்துக்குப் பையை எக்ஸ்ரேயில் விடும்போது, இது வெறும் நினைவுப்பொருள்தான் என்று பாதுகாப்புக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். தோண்டுவது இன்னும் மோசம். அந்த மண்ணில் வீடு திரும்பாத சிப்பாய்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையோடு எலும்போ பொத்தானோ பெல்ட்டின் கொக்கியோ தெரிந்தால் கையை எடுத்துவிட்டு ஊர்ப் பெரியவர்களிடமும் போலீசிலும் சொல்லுங்கள்.

முறையாகக் கைக்கு வந்த உறையானால், அருங்காட்சியகத்தில் உதவிக்குப் போன இடத்திலோ தாத்தாவின் பெட்டியிலோ கிடைத்ததானால், நம் வீட்டு வைத்தியம் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: புளி. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், உண்மைதான். கூடவே முத்திரையின் விளிம்பும் ஊசிக்குழியின் ஓரமும் மிச்சமிருந்த சாயமும் போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீர், மென்மையான தூரிகை, மண்ணைக் கிளற ஒரு பல்குச்சி போதும்.

கழுத்துப் பக்கம் நீளவாட்டில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அது சுட்டபோது வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. இதற்குப் பின்னால் இந்தியாவில் பிறந்த ஒரு கதையே இருக்கிறது. அந்தக் கால பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில், மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் சுடாத தோட்டாக்கள்கூட கழுத்தில் வெடித்திருக்கும். பருவத்தோடு வந்துபோனதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாவைக் குதிரை லாயத்தில் அடுக்கியிருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து, இழுத்து உறையாக்கியபோது இறுக்கம் மிச்சமிருந்த பித்தளையைப் பிளந்தது. 1921இல்தான் இதற்கு முழு விளக்கம் கிடைத்தது. உறையைச் செய்து முடித்ததும் மிதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்துவது தீர்வாயிற்று. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைப் பழைய உறையில் தடவ வேண்டாம் என்பதற்கும் காரணம் அந்த லாயம்தான்.

கடைசியாக, நோட்டில் எழுதும் முறை. அளவுகோலை ஒட்டி வைத்து ஒரு படம், அடியை மட்டும் பக்க வெளிச்சத்தில் ஒரு படம். பக்கத்தில் இப்படி எழுதலாம்: நீளம் 56.3, விளிம்பு உள்ளது, குறுக்களவு 13.7. கே, அம்பு, எஃப், 43, ரோமன் ஏழு. சுடப்பட்டது, ஒரே குழி, நடுவில். சரிவின் மேற்குப் பக்கம், பாதையிலிருந்து பதினைந்து அடி, அதே இடத்தில் இன்னும் ஆறு. ஆலை கட்கி. 1943க்கு முன்னால் இல்லை. சுட்டவர் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.